அம்பாசிடர் 1489 சிசி: டேப்பட் வைத்த பிறகும் 'டிக் டிக்', ஐடிலில் மிஸ்ஸிங். ஹெட்டைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்கலாம்?

பொள்ளாச்சிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், பழைய 1489 சிசி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) இன்ஜின்தான், ஐசுசூ இல்லை. பெரியப்பா வைத்திருந்த வண்டி. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது, இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் பார்த்தாச்சு, வண்டி ஓடுகிறது, ஆனால் இன்ஜின் மட்டும் நிம்மதியாக இல்லை.

முதல் பிரச்சினை சத்தம். ராக்கர் கவரின் (இன்ஜின் மேல்மூடி) முன்பாதியிலிருந்து 'டிக் டிக்' என்று வருகிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் அதுவும் வேகமாகிறது. சூடானாலும் குறையவில்லை. உள்ளூர் மெக்கானிக் என் கண் முன்னாலேயே டேப்பட் வைத்தார் (ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே உள்ள கேப்பைச் சரிசெய்வது), எட்டு வால்வுக்கும் 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் (கேப் அளக்கும் மெல்லிய பட்டை) சரியாக இழுத்துக்கொண்டு போனது, நானே பிடித்துப் பார்த்தேன். ஆனாலும் அதே சத்தம்.

அடுத்தது ஐடிலில் மிஸ்ஸிங். இன்ஜின் லேசாக ஆடும், சைலன்சர் வாயில் கை வைத்தால் 'புஸ்... புஸ்' என்று நடுநடுவே ஒரு அடி குறைகிறது. வேகம் எடுத்தால் தெரிவதில்லை. பிளக், பாயின்ட், கண்டென்சர், பிளக் வயர் எல்லாம் புதிது.

இன்னொன்று, வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவும் கியரிலேயே இறங்கி, சமதளம் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் ஒரு மொத்தை நீலப் புகை. அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "கேப்பை 0.010 ஆகக் குறைச்சிடு, சத்தம் நின்னுடும்" என்கிறார் ஒருவர். "ஹெட்டை இறக்கி, கீழயும் பிரிச்சு முழு வேலை பண்ணிடு" என்கிறார் இன்னொருவர். பிரிக்கும் முன் நான் வீட்டிலேயே என்ன பார்க்க முடியும்? ஃபீலர் கேஜ் இருக்கிறது, கம்ப்ரஷன் கேஜும் வேக்யூம் கேஜும் கடன் வாங்க ஆள் இருக்கிறது.

ஆயில்கேன்:

எண்ணெய் என்ன போட்டிருக்கீங்க? 20W-50 போட்டு, கூடவே டேப்பட் சத்தத்துக்கென்று விற்கிற அந்த டப்பா ஒன்றை ஊற்றிப் பாருங்க. எனக்குத் தெரிந்த பலருக்குக் கேட்டிருக்கிறது. முதலிலேயே இவ்வளவு பயப்பட வேண்டாம்.

பழைய இரும்பு:

20W-50 சரி. டப்பா வேண்டாம் தம்பி. அந்த டப்பாக்கள் பெரும்பாலும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜினுக்கு, உள்ளே அடைத்திருக்கும் பிசினைக் கரைக்க. உங்கள் இன்ஜினில் டேப்பட் என்பது திடமான இரும்பு வாளி, அதன் மேல் புஷ் ராடு, அதன் மேல் வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர், கேப் வைப்பது ஸ்குரூவும் லாக் நட்டும். கரைக்க அங்கே ஒன்றும் இல்லை.

அதைவிட முக்கியம், சத்தத்தை அடக்க 0.010 ஆக்குவதை மட்டும் செய்துவிடாதீர்கள். கேப் அதிகமானால் வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், சத்தம் போடும், அவ்வளவுதான். கேப் இல்லாமல் போனால் சூட்டில் தண்டு நீண்டு வால்வு அதன் சீட்டில் (ஹெட்டில் வால்வு மூடி அமரும் விளிம்பு) முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பங்கு அந்த சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லை, அதோடு நெருப்பும் இடுக்கு வழியாகப் பீச்சும், விளிம்பு எரிந்துபோகும். கொடுமை என்னவென்றால் அப்படி எரிகிற வால்வு சத்தமே போடாது. அதனால்தான் நான் எப்போதும் சத்தத்தையும் மிஸ்ஸிங்கையும் ஒரே நோயாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வண்டியிலும் இரண்டும் வேறு வேறு இடம் என்று எனக்குத் தோன்றுகிறது, சத்தம் முன்னால் என்கிறீர்கள், எரிகிறது என்றால் அநேகமாகப் பின்னால்.

சத்தத்தை முதலில் பிடிப்போம். கேம் ஷாஃப்ட் (டேப்பட்டுகளை உதைத்து வால்வைத் திறக்கும் தண்டு) கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 800 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவைதான் தட்டும், காதால் கிட்டத்தட்ட எண்ணிவிடலாம். கிராங்க் வேகத்துக்குத் தட்டினால் அது வால்வு பக்கமே இல்லை. ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பாருங்கள் (எர்த்தில் தொட்டு வையுங்கள், சும்மா தொங்கவிட வேண்டாம்). பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கீழ்முனை) சத்தமாக இருந்தால் அந்த சிலிண்டரைக் கழற்றியதும் அடங்கும், டேப்பட் சத்தம் அப்படியே இருக்கும். சத்தம் குளிரில் பலமாக இருந்து சூடேற ஏறக் குறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஊதுகிறதா என்று பாருங்கள், அச்சு அசல் டேப்பட் மாதிரியே கேட்கும், எத்தனையோ பேர் அதற்காக டேப்பட் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். உங்களுக்குச் சூட்டிலும் குறையவில்லை என்பதால் அது இல்லை என்று நினைக்கிறேன். டைமிங் செயின் சத்தம் இன்ஜினின் முன்முகத்தில், உலோகத்தை உரசுகிற மாதிரி கரகரவென்று இருக்கும். பெட்ரோல் பம்பின் ஆர்முக்கும் கேம்தான் உதை கொடுக்கிறது, அதிலும் 'டக் டக்' வரலாம், நீள ஸ்குரூ டிரைவரை அதன் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள்.

இதெல்லாம் கழிந்த பிறகு ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு ஐடிலில் ஓட விடுங்கள். கொஞ்சம் எண்ணெய் தெறிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் மெல்லிய ஃபீலர் பட்டையை நுழையுங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் சட்டென்று நிற்கிறதோ அதுதான் ஆள். கவர் திறந்திருக்கும்போதே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். ஒன்று, எட்டு ராக்கரிலும் எண்ணெய் கசிந்து வருகிறதா. ராக்கர் ஷாஃப்ட் உள்ளே குழாய், அதைத் தாங்கும் பெடஸ்டல் ஒன்றின் வழியாகத்தான் எண்ணெய் ஏறும், நின்ற வண்டியில் அந்த ஓட்டைகளில் கசடு அடைத்திருக்கும். காய்ந்திருக்கும் ராக்கரின் புஷ் (ஷாஃப்டில் உட்காரும் உள்வளையம்) தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு, இன்ஜினை நிறுத்திவிட்டு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு, புஷ் ராடுகள் மெதுவாகத் தம்மையே சுற்றிக்கொள்கின்றனவா. டேப்பட் அதன் குழிக்குள் சுற்றினால்தான் அடிமுகம் சமமாகத் தேயும், அது சுற்றும்போது புஷ் ராடும் கூடவே சுற்றும். ஏழு சுற்றி ஒன்று மட்டும் சும்மா ஏறி இறங்கினால் அங்கே கேம் லோபோ (டேப்பட்டை உதைக்கும் மேடு) டேப்பட் முகமோ போயிருக்கலாம்.

மிஸ்ஸிங்குக்கு கம்ப்ரஷன் டெஸ்ட். இன்ஜின் சூடாக இருக்கணும், நான்கு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுதாக மிதித்தபடி, கேஜ் முள் ஏறி நிற்கும் வரை ஸ்டார்ட்டர் அடிக்கணும். எண் எவ்வளவு என்பதைவிட நான்குக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பேச்சு. குறைவாக வந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

வேக்யூம் கேஜை மேனிஃபோல்டில் நேராகப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸுக்குப் போகிற குழாயில் போட்டால் ஐடிலில் சரியாகக் காட்டாமல் போகலாம். நல்ல இன்ஜினில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை முள் ஆடாமல் நிற்கும், பொள்ளாச்சி ஏறக்குறைய 1000 அடி உயரம், ஒரு அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள். முள் ஒழுங்கான இடைவெளியில் ஒரு துள்ளு கீழே விழுந்து ஏறினால் ஒரு வால்வு ஒழுகுகிறது. ஐடிலில் நடுங்கி, வேகம் கூட்டினால் நிலைத்தால் வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்) தளர்ந்திருக்கிறது. வேகம் கூட்டக் கூட்ட ஆட்டமும் கூடினால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. மிஸ்ஸிங் பிளக்கினால் வந்தாலும் முள் ஆடும் என்பதை மறக்க வேண்டாம், ஆனால் நீங்கள் அதை மாற்றிவிட்டீர்கள்.

நீலப் புகைக்கு டெஸ்டே வேண்டாம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிக அதிகம், தேய்ந்த இன்டேக் கைடு வழியாக எண்ணெயை இழுத்துவிடும், மிதித்ததும் அது எரிந்து புகையாக வரும். வால்வு தண்டில் காட்டருக்கு (ஸ்பிரிங்கைத் தண்டோடு பூட்டும் துண்டு) அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், அது கல்லாகியிருந்தாலும் இதே கதைதான். ரிங் போயிருந்தால் இறக்கம் மட்டும் பார்த்துப் புகைக்காது.

லேத்துப்பட்டறை:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்கணும், ஏனென்றால் "ஃபீலர் சரியாகப் போனது, ஆனாலும் சத்தம்" என்றதுமே எனக்குத் தோன்றியது அதுதான். ராக்கரின் மூக்கைத் தடவிப் பாருங்க. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் தட்டித் தட்டி வால்வு தண்டு நுனியின் அகலத்துக்கு அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ஃபீலர் பட்டை அந்தப் பள்ளத்தைவிட அகலம், பள்ளத்துக்குள் இறங்காமல் இரண்டு கரையிலும் பாலம் போட்டுக்கொண்டு நிற்கும். நீங்கள் 0.015 வைத்தோம் என்று நினைப்பீங்க, பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்தால் உள்ளே 0.025 இருக்கும். பழைய ஃபீலர் ஒன்றைத் தண்டு நுனியைவிட ஒடுங்கலாக வெட்டி வைத்து அளந்தால் உண்மை தெரிஞ்சுடும். டயல் கேஜ் (நகர்வை முள்ளில் காட்டும் அளவி) இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளம் லேசாக இருந்தால் மூக்கின் வளைவு மாறாமல் கிரைண்ட் பண்ணிக் கொடுப்போம். கையில் அரம் வைத்து ராவாதீங்க, மேலே இருக்கிற கடினப்பட்ட தோல் போய்விட்டால் அப்புறம் சீக்கிரமே தேய்ந்துபோகும். ஆழமாக இருந்தால் வேறு ராக்கர்தான்.

டயல் கேஜ் கடன் கிடைத்தால் ஹெட்டைக் கழற்றும் முன்னாலேயே எட்டு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதி வைச்சுக்குங்க. இன்டேக் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகணும், எக்ஸாஸ்ட் நான்கும் அப்படியே. ஒன்று மட்டும் குறைந்தால் கேம் லோப் போயிடுச்சுன்னு அர்த்தம், ஹெட்டில் எவ்வளவு செலவு பண்ணினாலும் அந்த சிலிண்டர் இழுக்காது. ஹெட்டைக் கழற்றிவிட்டால் இதை இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது.

ரெண்டுகியர்:

கேப் அளக்க இன்ஜினைச் சுற்றுவதற்கு ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டிக் கஷ்டப்படாதீங்க. பிளக்கைக் கழற்றிவிட்டு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம், பஞ்சு மாதிரி சுற்றும். கணக்கு ஒன்பது. ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணி வந்தால் எட்டாவது கடைசி. எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்கணும், ஆறு திறந்திருந்தால் மூன்று, நான்கு திறந்திருந்தால் ஐந்து, கூட்டினால் எப்போதும் ஒன்பது வரணும். எக்ஸாஸ்ட் எது என்று கேட்டால் 1, 4, 5, 8. மீதி இன்டேக்.

வைக்கிறதுக்கு முன்னாடி அளங்க என்பதுதான் என் வேண்டுகோள். மெக்கானிக்குகள் ஸ்பேனரை எடுத்ததும் நேராக 0.015 வைத்துவிடுவார்கள், அதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. போன தடவை வைத்ததிலிருந்து எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. கூடினால் ராக்கர், புஷ் ராடு, டேப்பட், கேம் இதில் எதுவோ தேய்கிறது. குறைந்தால் வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரக் கடைசி முழுக்க இதிலேயே போனது, வீட்டில் திட்டு. முடிவுகள்:

ஃபீலர் நுழைத்துப் பார்த்ததில் மூன்றாவது ராக்கரில் சத்தம் சட்டென்று நின்றது. லேத்துப்பட்டறை அண்ணன் சொன்ன மாதிரியே மூக்கில் பள்ளம், நகத்தால் தடவினாலே மாட்டுகிறது. ஒடுங்கல் பட்டையில் 0.024 வந்தது. ராக்கர் எட்டிலும் எண்ணெய் வருகிறது, கடைசி இரண்டில் கொஞ்சம் குறைவு. புஷ் ராடு எல்லாம் சுற்றுகின்றன. டயல் கேஜ் கிடைத்தது, இன்டேக் நான்கும் எக்ஸாஸ்ட் நான்கும் தமக்குள் ஒத்துப் போகின்றன, எதுவும் தனியாகக் குறையவில்லை.

கேப் குளிரில் அளந்தேன், எதையும் தொடாமல். மற்றவை 0.014, 0.016 என்று பக்கத்தில் இருக்கின்றன, ஆனால் எட்டாவது 0.006! மெக்கானிக் வைத்து அதிக நாளாகவில்லை. அதற்கப்புறம் தேனி வரை ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டினேன், வேகமாகத்தான்.

கம்ப்ரஷன் முன்னாலிருந்து 132, 128, 130, 84 பிஎஸ்ஐ. நான்காவதில் ஆயில் விட்ட பிறகு 90. வேக்யூம் முள் ஒழுங்காக ஒரு துள்ளு விழுகிறது, அதோடு ஐடிலில் லேசான நடுக்கமும் இருக்கிறது.

எட்டாவதின் கேப்பை மறுபடி 0.015 வைத்துவிட்டு ஓட்டலாமா? இல்லை ஹெட்டை இறக்கியே ஆகணுமா?

பழைய இரும்பு:

நினைத்த மாதிரியே. சத்தம் போட்டது மூன்றாவது, இரண்டாம் சிலிண்டரின் இன்டேக், அது இன்ஜினை ஒன்றும் செய்யவில்லை. எட்டாவது, நான்காம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட், வாயைத் திறக்காமல் எரிந்துகொண்டிருக்கிறது. அன்று யாராவது சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் 0.010 ஆக்கியிருந்தால் இது இப்போது 0.001ல் நின்றிருக்கும்.

கேப்பை வைத்துவிட்டு ஒருமுறை கம்ப்ரஷன் எடுத்துப் பாருங்கள். 120க்கு மேல் ஏறிவிட்டால் வால்வு இன்னும் எரியவில்லை, கேப் இல்லாததால்தான் ஒழுகியது, கொஞ்ச காலம் அடிக்கடி அளந்து ஓட்டலாம். ஏறாவிட்டால் விளிம்பு போய்விட்டது, ஓட்ட ஓட்ட சீட்டும் சேர்ந்து போகும்.

உறுதி செய்ய இன்னொன்று உண்டு. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு உடம்பில் காற்று நிப்பிளை வெல்ட் பண்ணி, நான்காவது சிலிண்டரில் போட்டு, டயர் கடை கம்ப்ரஸரிலிருந்து காற்று விடுங்கள். பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து மேலே நிற்கணும், ஒன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் அந்தத் தருணம்தான் நான்காவதுக்கு அது. டாப் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காற்று விடும் முன் ஹேண்டிலைக் கண்டிப்பாக உருவி விடுங்கள், பிஸ்டன் ஒரு நூல் தள்ளியிருந்தாலும் காற்று இன்ஜினைச் சுற்றிவிடும், ஹேண்டில் கையை உடைக்கும். பிறகு காது கொடுங்கள். சைலன்சரில் 'ஸ்...' என்றால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டரில் என்றால் இன்டேக், ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

ஏன் குறைந்தது என்பதற்கு வருகிறேன். இந்த ஹெட் வார்ப்பிரும்பு, எக்ஸாஸ்ட் சீட் அந்த இரும்பிலேயே வெட்டியது, தனி வளையம் கிடையாது (பிற்பாடு யாராவது அடித்திருந்தாலொழிய). ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் எரிந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காப்பாற்றியது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். படலம் இல்லாமல், சூட்டில் வால்வு முகம் சீட்டோடு அணு அணுவாக ஒட்டிப் பிய்ந்து, பிய்ந்த துணுக்கே அரமாகி சீட்டைத் தின்னும். வால்வு மேலே ஏறும், கேப் குறையும். ஊருக்குள் ஓட்டினால் மெதுவாக, தேனி ரோட்டில் நீட்டி மிதித்தால் வேகமாக.

ஆயில்கேன்:

ஒரு சந்தேகம். 2000க்கு அப்புறமும் இதே இன்ஜின் டாக்ஸிகள் வருஷக்கணக்கில் ஓடின, எல்லாம் சீட் போய் நின்றுவிடவில்லையே? இந்த ஈயக் கதையைக் கொஞ்சம் அதிகமாகத்தான் சொல்கிறோமோ?

பழைய இரும்பு:

நியாயமான கேள்வி. டாக்ஸி ஊருக்குள் 30, 40ல் ஓடுவது, அந்த வேகத்தில் சீட் அவ்வளவு சூடாகாது. இன்னொன்று, ஈயக் காலத்தில் வேலை செய்து இறுகிய சீட்டுகள் கொஞ்ச நாள் தாங்கும், அதை எடுத்து புதிதாக கட்டர் போட்டு வெட்டியதும் பச்சை இரும்பு வெளியே வரும், அப்புறம் சீக்கிரம் போகும். எல்லா வண்டிக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேப் குறைந்துகொண்டே வருகிற வண்டியில் வேறு காரணம் தேடுவதில் பலனில்லை. இப்போது பங்கில் வரும் எத்தனால் கலவையும் கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) மிக்சரைக் கொஞ்சம் மெலிவாக்கும், அதனால் கார்புரேட்டரையும் ஒரு கை பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொன்ன 20W-50 சரியான பதில்தான், ஆனால் காரணம் சத்தம் இல்லை. புது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எண்ணெய்த் தரங்கள் வந்தபோது கேமையும் டேப்பட்டையும் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் மருந்தைக் குறைத்தார்கள், அந்தக் கட்டுப்பாடு 5W-30, 10W-30 மாதிரி மெல்லிய கிரேடுகளுக்குத்தான், 20W-50க்கு இல்லை. புது வண்டி எண்ணெய் விலை அதிகம், அதனால் நல்லது என்று இந்த இன்ஜினில் ஊற்றுவதுதான் தப்பு.

பொள்ளாச்சிக்காரன்:

கேப் வைத்துவிட்டு எடுத்தேன், 92தான். காற்று விட்டதில் சைலன்சர் சீறுகிறது, தூரத்தில் நின்ற தம்பிக்கே கேட்டது. ஆயில் வாயில் ஒன்றுமில்லை. ஆக ஹெட் இறக்குகிறோம், கீழே தொடப் போவதில்லை. லேத்தில் என்ன சொல்லிக் கொடுக்கணும்?

லேத்துப்பட்டறை:

கீழே தொடாதீங்க, ரிங் நல்லா இருக்கு.

கழற்றும்போது ஒன்று. ராக்கர் பெடஸ்டலைப் பிடிக்கிற நட்டுகளில் பாதி, அதாவது நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கிறது. அதனால் ராக்கரை மட்டும் எடுக்கிறோம் என்று அந்த நான்கை மட்டும் இளக்கினால் ஹெட் ஒருபக்கம் இழுக்கும், தண்ணியும் ஆயிலுக்குள் கசியும். முதலில் ரேடியேட்டர் தண்ணியை இறக்குங்க, அப்புறம் எல்லா ஹெட் நட்டையும் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்க. புஷ் ராடுகளை உருவும்போது அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வைங்க, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகணும். மெதுவாகச் சுழற்றி எடுங்க, இல்லாவிட்டால் டேப்பட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வந்து இடம் மாறி விழும். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைந்தது தெரியும்.

லேத்தில் சொல்ல வேண்டியது: முதலில் கைடு, அப்புறம்தான் சீட். சீட் வெட்டும் கட்டர் கைடுக்குள் ஊசி விட்டுத்தான் நிற்கும், தளர்ந்த கைடை வைத்துக்கொண்டு சீட் வெட்டினால் சீட் மையம் தப்பும். பின்னாடி புது கைடு அடித்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. சிலர் நேரம் மிச்சம் என்று இதை மாற்றிச் செய்வார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்குங்க. எக்ஸாஸ்ட் நான்கிலும் கடின சீட் வளையம் போடச் சொல்லுங்க, எட்டாவதில் மட்டும் போட்டுவிட்டு வராதீங்க, மற்ற மூன்றும் பின்னாலேயே வரும். இன்டேக்குக்குத் தேவையில்லை, உள்ளே வரும் குளிர்ந்த கலவை அதைக் காப்பாற்றும். நடுவில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ஒரே வாயில் சேர்கிறது, அங்கே வெட்டும்போது விரிசல் இருக்கிறதா என்று முன்னாலேயே சோதித்துக்கொள்ளச் சொல்லுங்க. சீட் 45 டிகிரி. ஸ்பிரிங் எட்டையும் சமதளத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிடுங்க, குட்டையானது சோர்ந்தது. ரப்பர் வளையம் எட்டும் புதுசு.

மூன்றாவது ராக்கரைக் கொண்டு வரும்போது ஷாஃப்டையும் கொண்டு வாங்க. அடிப்பக்கம்தான் தேயும், மேலே பார்த்தால் புதிது போலவே இருக்கும். இரண்டு முனையின் அடைப்பையும் எடுத்து உள்ளே கம்பி விட்டுச் சுத்தம் பண்ணணும், கடைசி இரண்டில் எண்ணெய் குறைவு என்றீங்களே, அதற்கு இதுதான்.

ரெண்டுகியர்:

பூட்டும்போது நட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்), கையேட்டில் சொன்ன அளவுக்குப் பல சுற்றில். ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி ஒருமுறை டார்க் பாருங்க, அதற்கப்புறம் கேப் கட்டாயம் மாறும், எட்டையும் மறுபடி வைக்கணும். அந்த எண்களை ராக்கர் கவரின் உள்பக்கத்தில் தேதியோடு எழுதி வைங்க, அடுத்த தடவை ஒப்பிட இருக்கும்.

பொள்ளாச்சிக்காரன்:

கேம் புதிதாகப் போடவில்லை என்பதால் ரன்னிங்-இன் மாதிரி எதுவும் தேவையா? 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிஷம் ஓடவிடணும் என்று எங்கோ பார்த்தேன்.

பழைய இரும்பு:

அது புது கேமும் புது டேப்பட்டும் போட்டால். உங்களுக்குப் பழைய கேம், பழைய டேப்பட், அதே இடம், தேவையில்லை. ஸ்டார்ட் பண்ணும் முன் ராக்கர் மேலெல்லாம் எண்ணெய் ஊற்றிவிட்டு, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டர் அடித்து ராக்கர்களில் எண்ணெய் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பிளக்கைப் போடுங்கள்.